மூக்கு மாஸ்க் பழகுவது எப்படி: ‘ங்’ சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. அதற்காக மூக்குக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சீபேப் (CPAP) மெஷினும் அதன் மாஸ்க்கும் வாங்கி வந்த முதல் வாரம், எங்கள் வீட்டில் குறட்டைச் சத்தம் நின்றது. அதற்குப் பதிலாக ராத்திரி இரண்டு மணிக்கு ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஆவி கசியுமே, அந்த மாதிரி. நான் தூக்கக் கலக்கத்திலேயே வாரை இழுத்து இறுக்குவேன். ஐந்து நிமிடம் அமைதி. மறுபடியும் ‘உஸ்ஸ்ஸ்’. மறுபடியும் இறுக்குவேன். நான்காம் நாள் காலையில் மூக்குத்தண்டின் மேல் பத்துக் காசு அளவுக்குச் சிவந்த தடம். “என்னங்க, இதுக்குக் குறட்டையே தேவலாம் போலிருக்கே” என்றாள் மனைவி. வேலையிடத்தில் ஒரு பையன், “அங்கிள், எங்கேயாவது விழுந்துட்டீங்களா?” என்று கேட்டான்.

அந்த வாரம் நான் செய்த தப்பு ஒன்றுதான்: இறுக்கியது. மாஸ்க் என்பது வாரின் பலத்தில் முகத்தில் ஒட்டி நிற்கும் பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது காற்றின் பலத்தில் நிற்கிறது. இந்த ஒன்று புரிவதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தினமும் இந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிற ஆள், அவ்வளவுதான்.

முதலில், தொண்டையில் என்ன நடக்கிறது

விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் மூச்சுப் பாதையைத் திறந்து பிடித்திருக்கின்றன. தூங்கியதும் அவை தளர்கின்றன. எல்லோருக்கும் அப்படித்தான். சிலருக்கு மட்டும் பாதை முன்பே குறுகலாக இருக்கும். கழுத்தில் சதை போட்டிருக்கலாம், தாடை சின்னதாகப் பின்தள்ளி இருக்கலாம், டான்சில் பெரிதாக இருக்கலாம். குண்டானவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்காதீர்கள், ஒல்லியான ஆட்களுக்கும் வரும்.

கோப்பிக்கடையில் காகித ஸ்ட்ரா கொடுக்கிறார்கள் அல்லவா? அரை மணி நேரம் ஊறிய பிறகு அதில் பலமாக உறிஞ்சிப் பாருங்கள். பக்கங்கள் உள்ளே ஒட்டிக்கொள்ளும். இன்னும் பலமாக உறிஞ்சினால் இன்னும் இறுக ஒட்டும். தளர்ந்த தொண்டையும் ஊறிய ஸ்ட்ராவும் ஒன்றுதான். லேசாக ஒட்டி அதிரும்போது வருவது குறட்டை. முழுதாக ஒட்டிவிட்டால் மூச்சே நின்றுபோகும். மார்பு ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஒரு நொடி எழுப்பிவிடும். ‘ஹக்’ என்று ஒரு மூச்சு, அப்புறம் மறுபடி தூக்கம். எழுந்தது நமக்கு ஞாபகமே இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் எல்லாம் தெரியும்.

பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் அதை ஒரு ‘அப்னியா’ என்று கணக்கில் எடுக்கிறார்கள். முழுக்க நிற்காமல் வெகுவாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலும் கணக்கில் சேரும். மணிக்கு எத்தனை முறை என்று பார்த்து வரும் எண்ணுக்கு ஏ.எச்.ஐ என்று பெயர். 5க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. எனக்கு 41 வந்தது. அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை, ராத்திரி முழுக்க. அதற்கு முன்னால் எம்ஆர்டி ரயிலில் ஈசூனில் உட்கார்ந்தால் ஆர்ச்சர்டு தாண்டித்தான் கண் திறப்பேன், வேலைக் களைப்பு என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

2016இல் வெளியான ஒரு சிங்கப்பூர் ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நடுத்தர அல்லது கடுமையான அளவில் இந்தத் தூக்க மூச்சுத்தடை இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதே தெரியாது. சந்தேகம் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள். அங்கிருந்து மருத்துவமனையின் தூக்கப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஓர் இரவு உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிக்கொண்டு தூங்கவேண்டும், அல்லது சின்னக் கருவியை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார்கள்.

மெஷின் தருவது ஆக்சிஜன் அல்ல

சீபேப் மெஷினைப் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “ஆக்சிஜனா? அவ்வளவு முடியலையா?” என்பதுதான். இல்லை. அறையில் இருக்கும் அதே காற்றை வடிகட்டி, கொஞ்சம் அழுத்தம் கொடுத்து மூக்குக்குள் அனுப்புகிறது. அவ்வளவுதான். தீயணைப்பு வீரர்கள் விரிக்கும் துணிக்குழாய் தரையில் தட்டையாகக் கிடக்கும். தண்ணீரைத் திறந்ததும் உருண்டு நிமிரும். மெஷின் அனுப்பும் காற்று தொண்டைக்கு அதைத்தான் செய்கிறது.

எவ்வளவு அழுத்தம்? இதைச் செய்து பார்த்தால் பயம் போய்விடும். ஓர் உயரமான கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி, ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, குமிழி வரும்படி ஊதுங்கள். குமிழி வெளியே வர எவ்வளவு ஊதினீர்களோ அதுதான் 10 சென்டிமீட்டர் நீரழுத்தம். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 4 முதல் 20 வரை தரும். பலருக்கு 10ஐ ஒட்டித்தான் தேவைப்படும். நம்மைச் சுற்றியுள்ள காற்றே 1,000 சென்டிமீட்டருக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க மாஸ்க்கை மண்டையோடு சேர்த்துக் கட்டவேண்டிய அவசியமே இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். 1980இல் சிட்னியில் முதல் முறையாகச் செய்து பார்த்து, 1981இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முன்னால் நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பார்கள். அவருடைய ஆரம்பகால மெஷின்களில் தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டார் இருந்தது. மாஸ்க்கை ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்செடுத்துச் செய்து, தினமும் ராத்திரி சிலிக்கான் பசையால் முகத்தில் ஒட்டி, காலையில் பிய்த்து எடுத்தார்கள். என் மாஸ்க்கைத் திட்டத் தோன்றும்போதெல்லாம் அந்த ஆட்களை நினைத்துக்கொள்வேன்.

ஏன் மூக்குக்கு மட்டும்?

மாஸ்க்கில் பொதுவாக மூன்று வகை. மூக்கை மட்டும் மூடுவது ஒன்று. நாசித்துவாரங்களில் மட்டும் இரண்டு மெத்தென்ற குமிழ்கள் பொருந்துவது இன்னொன்று. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது. வாயால் மூச்சு விடுகிற பழக்கம் உள்ளவர்கள் பலர் நேராக மூன்றாவதைக் கேட்டு வாங்குகிறார்கள். பெரியதாக இருப்பதால் பலமாக இருக்கும் என்ற நினைப்பு வேறு. ஆனால் பெரிய மாஸ்க் என்றால் கசியும் ஓரமும் நீளம். தாடை அசைந்தால் அதுவும் அசையும். சிலருக்கு அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படும். அதனால் மூக்கு அடைப்பு இல்லாதவர்களுக்கு முதலில் மூக்கு மாஸ்க்கைத்தான் தந்து பார்ப்பார்கள்.

“வாய் திறந்திருக்கிறதே, காற்று வாய் வழியாகப் போய்விடாதா?” எனக்கும் அதே கேள்விதான். இப்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ‘அங்கே’ என்று சொல்லத் தொடங்கி, ‘அங்’ என்ற இடத்திலேயே நிறுத்தி இழுங்கள். அங்ங்ங்ங். வாய் திறந்துதான் இருக்கிறது. ஆனால் காற்று வாயில் வரவில்லை. இழுத்துக்கொண்டே மூக்கைப் பிடியுங்கள், சத்தம் சட்டென்று நின்றுவிடும். காற்று முழுவதும் மூக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். நாக்கின் அடிப்பகுதி மேலே எழும்ப, அண்ணத்தின் மெத்தென்ற பின்பகுதி கீழே இறங்க, இரண்டும் சேர்ந்து வாயின் பின்வாசலைச் சாத்திவிட்டன.

மூக்கு மாஸ்க் வேலை செய்வது இந்தக் கதவை நம்பித்தான். மெஷினைப் போட்டுக்கொண்டு ‘ஆ’ என்று சொன்னால் வாயிலிருந்து காற்று குபுகுபுவென்று கொட்டும், பேசவே முடியாது. முதல் நாள் பலர் அலறுவது இந்த இடத்தில்தான். அப்போது ‘ங்’ என்று சொல்லுங்கள். கொட்டுவது நிற்கும். நாக்கை அங்கேயே விட்டுவிட்டு நிதானமாக மூக்கால் மூச்சு விடுங்கள். மூக்குப் பக்கம் இருக்கும் காற்றழுத்தமே அண்ணத்தைக் கீழே தள்ளி நாக்கோடு ஒட்ட வைக்க உதவும். பள்ளியில் ங, ஙா, ஙி, ஙீ என்று எழுதித் தள்ளியபோது இதெல்லாம் எதற்கு என்று நினைத்திருக்கிறேன். ஐம்பது வருடம் கழித்து ஒரு பயன் கிடைத்தது.

பொருத்துவது

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் சிலிக்கான் குஷனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பல மாஸ்க்குகளில் இரண்டு அடுக்கு தெரியும். உள்ளே தடிமனான ஒன்று, வெளியே பலூன் தோல் மாதிரி மெல்லிய ஒன்று. மெஷின் ஓடும்போது காற்று அந்த மெல்லிய தோலுக்கு அடியில் புகுந்து அதை உப்ப வைக்கும். உப்பிய தோல் முகத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து ஒட்டிக்கொள்ளும். கசிவை அடைப்பது இதுதான். வாரை இறுக்கினால் மெல்லிய தோல் நசுங்கிச் சுருங்கும். சுருக்கம் விழுந்த இடத்தில் காற்று புகுந்து ‘உஸ்ஸ்ஸ்’. நான் நான்கு ராத்திரி செய்தது இதைத்தான். கசிவை நிறுத்த இறுக்கினேன், இறுக்கியதால் கசிந்தது.

சரியான முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், மறுபரிசோதனைக்குப் போனபோது அங்கே இருந்த ஒரு தாதி. என் மாஸ்க்கைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் நான்கு வார்களையும் தளர்த்தினார். “படுங்க அங்கிள்” என்றார். அங்கேதான் முதல் பாடம்: உட்கார்ந்து பொருத்தக்கூடாது. படுத்தால் கன்னத்துச் சதை இடம் மாறும், முகத்தின் வடிவமே வேறு. நீங்கள் எப்படித் தூங்குவீர்களோ அப்படிப் படுத்து, மெஷினை ஓடவிட்டு, அப்புறம்தான் வாரைத் தொட வேண்டும்.

அடுத்து அவர் மாஸ்க்கை இரண்டு விரலால் பிடித்து முகத்திலிருந்து நேராக ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்தார். காற்று பீறிட்டது. மெதுவாகத் திரும்ப உட்கார வைத்தார். குஷன் ‘புஸ்’ என்று உப்பி உட்கார்ந்தது. கசிவு பாதியாகக் குறைந்துவிட்டது, வாரை இன்னும் தொடவேயில்லை. அதற்குப் பிறகுதான் கீழ் வார் இரண்டையும் ஒரே அளவில் கொஞ்சம், மேல் வார் இரண்டையும் கொஞ்சம் இழுத்தார். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மாஸ்க் கோணிக்கொள்ளும். வாருக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும் என்றார். பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்லி, மறுபடியும் வெளியே இழுத்து உட்கார வைத்தார். முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

இன்றைக்கும் ராத்திரி கசிந்தால் நான் செய்வது அந்த ஒரு அசைவுதான். வெளியே இழு, உட்கார வை. வாரைத் தொடுவதில்லை. பத்துக்கு எட்டு முறை அதிலேயே சரியாகிவிடுகிறது.

அப்புறம் ஒன்று. மாஸ்க்கின் முன்புறம் சல்லடை மாதிரி நுண்துளைகள் இருக்கும், அங்கிருந்து எப்போதும் காற்று வந்துகொண்டே இருக்கும். அது கசிவு இல்லை. நாம் விடும் மூச்சு வெளியேறும் வழி அதுதான். நான் அறிவாளித்தனமாக முதல் நாள் அதை விரலால் அடைத்துப் பார்த்தேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், பிளாஸ்டர் ஒட்டவே ஒட்டாதீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் அந்தக் காற்று அடித்தால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களுக்கென்று சில விஷயங்கள் உண்டு, மாஸ்க் கம்பெனியின் கையேட்டில் இவை இருக்காது. மீசை அதில் முதலாவது. மூக்கு மாஸ்க்கின் கீழ் ஓரம் உட்காரும் இடம் மேலுதடு. அடர்ந்த மீசை இருந்தால் சிலிக்கானுக்குத் தோலில் பிடி கிடைக்காது. மீசையின் மேல் விளிம்பை அரை சென்டிமீட்டர் இறக்கினால் போதும் என்பது என் அனுபவம். முழுக்க எடுக்க மனம் வராதவர்கள் நாசித்துவாரக் குமிழ் வகையைக் கேட்டுப் பார்க்கலாம். என் அக்காவுக்கு மூக்குத்திதான் பிரச்சினை. மாஸ்க்கின் ஓரம் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, காலையில் மூக்கு புண்ணாகியிருந்தது. இப்போது ராத்திரி மட்டும் தட்டையான சின்னப் பொட்டு மூக்குத்தி போட்டுக்கொள்கிறார். கொண்டை போட்டால் பின்வார் நழுவும், பின்னலைத் தாழ்வாகப் போட்டு முன்னால் விட்டுக்கொள்வது நல்லது. தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு படுத்தால் வார் ஒரு வாரத்தில் நாறிவிடும். முகத்தில் க்ரீமோ எண்ணெயோ இருந்தால் குஷன் வழுக்கும், சிலிக்கானும் சீக்கிரம் கெடும். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவித் துடைத்துவிடுங்கள்.

மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறதே

இது பலருக்கு வரும். வெட்கப்பட ஒன்றும் இல்லை. முகத்தை ஏதோ மூடுகிறது என்றதும் உடம்பு முரண்டு பிடிக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு, தூக்கம் வந்தே ஆகவேண்டும் என்ற பதற்றத்தில் இதைப் பழக்க முயல்வதுதான் தப்பு.

பகலில் பழகுங்கள். நான் சாயங்காலம் வசந்தம் தொலைக்காட்சியில் செய்தி பார்க்கும்போது சோபாவில் உட்கார்ந்து போட்டுக்கொண்டேன். முதலில் மெஷின் இல்லாமல், வார்கூட மாட்டாமல், கையால் மூக்கின் மேல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம். கை நம்முடையது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் பயம் வராது. அடுத்த நாள் மெஷினை ஓடவிட்டுக் கையால் பிடிப்பது. அதற்கடுத்த நாள் வாரோடு. பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம். ஒவ்வொரு முறையும், பொறுக்க முடியாமல் பிய்த்து எறிவதற்கு முன்பே நாமாகக் கழற்றிவிட வேண்டும். பிய்த்து எறிந்தால் உடம்பு அந்தப் பயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். என் பேரன் இந்த நாட்களில் மாஸ்க்கிலிருந்து மெஷினுக்குப் போகும் டியூபைப் பார்த்துவிட்டு எனக்குப் ‘பிள்ளையார் தாத்தா’ என்று பெயர் வைத்தான். இன்னும் அதே பெயர்தான்.

மூச்சை வெளியே விடும்போது எதிர்க்காற்று தள்ளுகிறது என்றால் மெஷினில் இரண்டு வசதிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ‘ராம்ப்’ என்பது ஒன்று. முதலில் 4 போன்ற குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, நீங்கள் தூங்குவதற்குள் மெதுவாக ஏறும். மூச்சு விடும் நொடியில் மட்டும் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்துக்கொடுப்பது மற்றொன்று. சிலருக்கு 4 மிகவும் குறைவாகப்பட்டு, அதனாலேயே காற்றுப் போதவில்லை என்று திணறும், அவர்களுக்குத் தொடக்க அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகும். ஆனால் சிகிச்சை அழுத்தத்தை நீங்களாக மாற்றாதீர்கள், அது மருத்துவர் எழுதிக் கொடுத்தது.

தூக்கத்திலேயே கழற்றி வீசிவிடுகிறேன் என்கிறவர்கள் உண்டு. நானும் வீசியிருக்கிறேன், காலையில் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். விழிப்பு வந்தால் மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நாளாக நாளாக வீசுவது குறையும்.

ஏர்கானும் ஈரப்பதமும்

சிங்கப்பூரில் வெளியே காற்று ஈரமாக இருக்கும். ஏர்கான் போட்ட அறையில் அந்த ஈரம் பெருமளவு போய்விடும். வறண்ட காற்றை ராத்திரி முழுக்க மூக்குக்குள் செலுத்தினால் மூக்கு எரியும், ஒழுகும், கடைசியில் அடைத்துக்கொள்ளும். அதற்குத்தான் மெஷினோடு தண்ணீர்த் தொட்டி வருகிறது. அடியில் சூடேற்றும் தகடு, மேலே தண்ணீர், அதன் மேல் காற்று போகும்.

ஆனால் ஏர்கானை 20 டிகிரியில் வைத்து, ஈரப்பதத்தையும் உச்சத்தில் வைத்தால் வேறு கூத்து நடக்கும். சூடான ஈரக்காற்று குளிர்ந்த டியூபில் போகும்போது தண்ணீராகப் படியும், ஐஸ் கோப்பிக் குவளையின் வெளிப்புறம் வியர்க்கிற மாதிரி. மூன்று மணிக்கு டியூபில் ‘களக் களக்’ என்று சத்தம், திரும்பிப் படுத்தால் மூக்கில் ஒரு மடக்குக் குளிர்ந்த தண்ணீர். நான் ஏதோ கனவில் கடலில் விழுந்ததாக நினைத்து எழுந்தேன். ஏர்கானை 25க்கு ஏற்றி, ஈரப்பதத்தை ஒரு படி இறக்கி, டியூபைப் போர்வைக்குள் விட்டதும் நின்றது. சூடேறும் டியூபும் கிடைக்கிறது. மின்விசிறி மட்டும் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு ஈரப்பதம் குறைவாக இருந்தாலே போதும்.

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் நல்லது. இங்கே குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் உள்ள தாதுக்கள் தொட்டியில் வெள்ளையாகப் படியும். தினமும் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

மூக்கு அடைப்பு முன்பே இருந்தால் மூக்கு மாஸ்க் தோற்றுவிடும். தூசுப்பூச்சி ஒவ்வாமை இங்கே ஏராளம். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது உதவும். ஒவ்வாமைக்கான ஸ்பிரே வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும், உடனே அடைப்பை நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால் அடைப்பு இன்னும் மோசமாகத் திரும்பி வரும். புகைமூட்டக் காலத்தில் மெஷினின் வடிகட்டியை அடிக்கடி பாருங்கள், வெள்ளையாக இருந்தது சீக்கிரமே சாம்பல் நிறமாகிவிடும்.

காலையில் வாய் பாலைவனமாகக் காய்ந்திருந்தால், ராத்திரி ‘ங்’ கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் மூக்கடைப்பைச் சரிசெய்யுங்கள், பாதிப் பேருக்கு மேல் அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கும் அடங்காவிட்டால் தாடையைத் தாங்கும் பட்டை இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் வாயையும் மூடும் மாஸ்க். யாரோ காணொளியில் சொன்னார்கள் என்று வாயில் டேப் ஒட்டிக்கொள்வது வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடிய காரியம் அல்ல அது. வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள். அதையும் மருத்துவரிடம் சொன்னால் அழுத்தத்தைச் சரிபார்ப்பார்.

எண்களைப் பார்ப்பது, கழுவுவது, இன்னும் சில

இன்றைய மெஷின்கள் காலையில் மூன்று விஷயங்களைக் காட்டும்: எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு கசிந்தது, மீதமுள்ள ஏ.எச்.ஐ எவ்வளவு. கடைசி எண் 5க்குக் கீழே வருவதுதான் இலக்கு. மணி நேரத்தைப் பொறுத்தவரை, ராத்திரிக்கு 4 மணி நேரம் என்பதைப் பல இடங்களில் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறார்கள். அது தேர்ச்சி மதிப்பெண் மட்டும்தான், தூங்கும் நேரம் முழுவதும் போடுவதற்கு ஈடாகாது. முதல் வாரம் இரண்டு மணி நேரம்தான் முடிந்தது என்றால் இரண்டு மணி நேரம். ஒரு ராத்திரி எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். எண்ணை விட எனக்குப் புரிந்தது வேறு வழியில்: ஒரு நாள் எம்ஆர்டியில் பிஷான் வந்தது, பிராடல் வந்தது, தோ பாயோ வந்தது, நான் எல்லா நிலையத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழுவுவது பெரிய வேலை இல்லை. குஷனைத் தினமும் காலையில் மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். டியூபும் வாரும் வாரத்துக்கு ஒரு முறை. துணி காயப்போடும் கம்பத்தில், நேர் வெயிலில் தொங்கவிடாதீர்கள், சிலிக்கான் வீணாகும். குஷன் மஞ்சளடித்து விறைத்துவிட்டால் அதை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் முக்கியமாகச் சொல்லவேண்டும். சில மாஸ்க்குகளில் வாரை மாட்டும் கொக்கி காந்தத்தால் ஆனது. உங்களுக்கோ, பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற உட்பொருத்திய கருவி இருந்தால் வாங்கும்போதே சொல்லிக் காந்தம் இல்லாததைக் கேளுங்கள். தெரிந்தவரிடமிருந்து பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் யோசியுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்திருந்த நுரைப்பஞ்சு உதிரக்கூடும் என்று லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. கைமாறி வரும் மெஷின் அந்த வரிசையைச் சேர்ந்ததா என்று பார்த்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் உள்ள ஊருக்குப் போகும்போது மெஷினைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையோடு கொண்டுபோங்கள், தொட்டித் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு. மருத்துவரின் கடிதம் ஒன்று பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் விளக்கம் சொல்ல வசதி. ஊரில் ராத்திரி கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். பயப்பட வேண்டாம், மூக்கு மாஸ்க்கில் வாய் திறந்துதான் இருக்கிறது, விழிப்பு வந்ததும் கழற்றி வைத்துவிடலாம். மின்னழுத்தம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான். ஆனால் இங்குள்ள மூன்று சதுரமுனை பிளக் அங்குள்ள உருண்டைத் துளையில் நுழையாது. போன பொங்கலுக்குத் திருச்சியில் இறங்கி, ராத்திரி ஒன்பதரைக்குத்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன். மச்சான் பைக்கில் போய் மூடப்போன எலக்ட்ரிக் கடையின் ஷட்டரைப் பாதியில் நிறுத்தி அடாப்டர் வாங்கி வந்தார். இப்போது மெஷின் பையிலேயே இரண்டு வைத்திருக்கிறேன்.